‘சாட்சியாகத்தானே கூப்பிடுகிறார்கள், தனியாகப் போகலாமா?’ – வழக்கறிஞர் பதில்

சிங்கப்பூரின் வடகிழக்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல். சிங்கப்பூர்க் குடிமகள். முன்பு பகுதிநேர நிருபராக இருந்தவர், இப்போது வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றித் தன் சொந்த இணையப் பக்கத்தில் தமிழில் எழுதுகிறார். புதுக்கோட்டையைச் சேர்ந்த ஒரு கட்டுமான ஊழியர், நான்கு மாதச் சம்பளம் வரவில்லை, விடியுமுன் சமைத்த சாப்பாட்டுப் பொட்டலம் மதியம் கெட்டுப்போய் வருகிறது என்று சொன்னதை நிறுவனத்தின் பெயரோடு எழுதியிருக்கிறார். ஊழியரின் முகத்தை மறைத்தாலும் குரல் பதிவை அப்படியே போட்டுவிட்டார். இந்த நிறுவனத்தைப் பற்றி முன்பே புகார் வந்திருந்தது என்று காட்டும் ஓர் உள் கடிதத்தை, அரசாங்க அமைப்பில் வேலை பார்க்கும் பள்ளித் தோழி வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்ப, அதையும் சேர்த்திருக்கிறார். கட்டுரையின் கடைசியில் ஒரு வரி: ‘அதிகாரிகளும் இதற்கு உடந்தை.’

இப்போது இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. கட்டுரையை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, ஏழு நாளில் இழப்பீடு தர வேண்டும் என்று நிறுவனத்தின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம். அடுத்து, விசாரணை அதிகாரி ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, உள் கடிதம் தொடர்பாக வாக்குமூலம் தர வரச் சொல்லியிருக்கிறார். சாட்சியாகத்தான் என்றாராம். அப்பா ‘எல்லாவற்றையும் அழித்துவிடு’ என்கிறார். கணவர் ‘நல்ல எண்ணத்தில்தானே எழுதினாய், போய்ச் சொல்லிவிட்டு வா’ என்கிறார். வாசகியோ, ‘நிருபர்களை ஒடுக்கும் நாட்டில் வழக்கறிஞரை வைத்து என்ன ஆகப்போகிறது?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்த விரக்தியில்தான் பலர் தவறான முடிவெடுக்கிறார்கள். நம் ஊரில் செய்தியாளர்கள் விசாரணையின்றிச் சிறை சென்ற காலம் இருந்தது. ‘உத்துசான் மெலாயு’ என்ற மலாய் நாளிதழின் ஆசிரியராக இருந்த சைட் ஜஹாரி 1963இல் பிடிக்கப்பட்டு 17 ஆண்டு உள்ளே இருந்தார். 1971இல் ‘நன்யாங் சியாங் பாவ்’ நாளிதழின் மூத்த பொறுப்பாளர்கள் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் தடுத்து வைக்கப்பட்டனர். 1974இல் வந்த செய்தித்தாள், அச்சகச் சட்டத்துக்குப் பிறகு நாளிதழ்கள் ஆண்டுதோறும் அனுமதி புதுப்பிக்க வேண்டும். எல்லை கடந்த செய்தியாளர்கள் அமைப்பின் 2024 பட்டியலில் 180 நாடுகளில் சிங்கப்பூருக்கு 126ஆம் இடம். இதையெல்லாம் நான் மறுக்கப்போவதில்லை.

ஆனால் உங்கள் மேசையில் இருப்பது அந்தக் காலத்து ஆணை அல்ல. இன்றைக்கு இங்கே ‘நீ நிருபர், அதனால் குற்றவாளி’ என்று எந்தத் தாளிலும் எழுதி வராது. அவதூறு, அதிகாரபூர்வ ரகசியம், நீதிமன்ற அவமதிப்பு, உரிமம், நன்கொடைக் கணக்கு என்று எல்லாருக்கும் பொதுவான சட்டங்களின் வழியாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் தனி நடைமுறை, தனிக் காலக்கெடு, தனி வாதம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ‘அரசாங்கம் என்னைக் குறிவைக்கிறது’ என்று ஒரே முடிச்சாகப் பார்த்தால் பயம்தான் மிஞ்சும், பதில் எழுத முடியாது. உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனி விவகாரங்கள். நிறுவனத்தின் கடிதம் சிவில் விவகாரம், அதில் அரசாங்கம் ஒரு தரப்பே இல்லை. காவல்துறை அழைப்பு வேறு.

நீதிமன்றம் ஒருபோதும் எதிர்த் தரப்புக்குச் செவி கொடுக்காது என்பதும் சரியில்லை. துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தைத் தற்காப்பு அமைச்சு ‘தி ஆன்லைன் சிட்டிசன்’ என்ற இணையச் செய்தித் தளத்துக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இரண்டே ஆண்டில், இணையத்தில் பரவும் பொய்த் தகவலுக்கு எதிரான பொஃப்மா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் உண்மைதான். என்றாலும் வாதாடாமல் கிடைத்த தீர்ப்பு இல்லை அது.

அரசியலமைப்பின் 14ஆம் பிரிவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். பேச்சுரிமையைத் தரும் அதே பிரிவு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக நாடாளுமன்றம் அந்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. அதைக் கேடயமாக நம்பி விசாரணை அறைக்குள் போகாதீர்கள். தமிழில் எழுதியதால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று இருந்ததாகவும் சொல்கிறீர்கள். வழக்கறிஞர் கடிதமே வந்துவிட்ட பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

‘அவர் சொன்னதைத்தான் எழுதினேன்’

உங்கள் கடிதத்தில் இந்த வரி மூன்று இடங்களில் வருகிறது. அவதூறுச் சட்டத்தில் இது தற்காப்பே அல்ல. ஒருவர் சொன்னதை நீங்கள் மறுபடி வெளியிட்டால், நீங்களே சொன்னதாகத்தான் கணக்கு. ஃபேஸ்புக்கில் ஒரு கட்டுரையை, சொந்தமாக ஒரு சொல் கூடச் சேர்க்காமல் பகிர்ந்த லியோங் ஸீ ஹியான், அப்போதைய பிரதமர் தொடர்ந்த வழக்கில் 2021இல் 133,000 சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு தர வேண்டி வந்தது. ‘தி ஆன்லைன் சிட்டிசன்’ ஆசிரியர் டெர்ரி ஷூ, வேறொருவர் எழுதிய வாசகர் கடிதத்தை 2018இல் வெளியிட்டார். உயர்மட்டத்தில் ஊழல் இருப்பதாக அதில் ஒரு வாசகம். அதற்காகக் குற்றவியல் அவதூறு வழக்கில் 2022 ஏப்ரலில் அவருக்கு மூன்று வாரச் சிறை. ஊடகத்தைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் நீக்கச் சொன்னதும் அவர் அந்தக் கடிதத்தை நீக்கியும் இருந்தார். உங்கள் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கட்டுரையை மறுபடி படியுங்கள். சம்பளம் வரவில்லை என்பதற்குச் சம்பளச் சீட்டுகளும் வங்கிக் கணக்கின் படங்களும் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். நல்லது. உண்மை என்று நிரூபித்தால் அவதூறு வழக்கு நிற்காது, ஆனால் நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில். சாப்பாட்டு விஷயம் ஒருவரின் பேச்சை மட்டும் வைத்து எழுதியது. இன்னும் இரண்டு பேரையாவது கேட்டிருக்கலாம். ‘சம்பளத்தைத் திருடுகிறார்கள்’ என்பதைவிட ‘நான்கு மாதச் சம்பளம் தரப்படவில்லை’ என்பது உங்களைக் காப்பாற்றியிருக்கும். பொறுப்போடு விசாரித்து, பொதுநலனுக்காக எழுதினேன் என்று இங்கிலாந்து நிருபர் சொல்லக்கூடிய தற்காப்பை இங்கே நம்பி இருக்க முடியாது.

‘அதிகாரிகளும் உடந்தை’ என்ற வரிக்கு உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? உள் கடிதம் காட்டுவது புகார் வந்தது என்பதை மட்டும்தான். புகாரைக் கவனிக்காமல் விடுவது வேறு, உடந்தையாக இருப்பது வேறு. இந்த ஒரு வரியை, யார் கேட்காவிட்டாலும், வழக்கறிஞர் பார்த்துத் தந்த வாசகத்தோடு நீங்களே திருத்துங்கள். நிரூபிக்க முடிந்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

நிறுவனம் சொன்ன ஏழு நாள் அவர்களுடைய வழக்கறிஞர் வைத்த கெடு, நீதிமன்றம் வைத்தது அல்ல. அதற்காகக் கடிதத்தை மேசை இழுப்பில் போட்டுவிடாதீர்கள். கெடுவுக்குள், ‘கடிதம் கிடைத்தது, ஆலோசனை பெற்றுப் பதில் தருகிறேன்’ என்று இரண்டு வரி போதும். வழக்கே தொடுத்து நீதிமன்ற ஆவணம் உங்கள் கைக்கு வந்தால்தான் கெடு நிஜமாகிறது. 14 நாளுக்குள் எதிர்த்து வாதிடப்போவதைத் தெரிவிக்காவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு வந்துவிடலாம்.

பொஃப்மா வந்தால் சிறைதானே என்றும் பயந்திருக்கிறீர்கள். இதுவரை உங்களுக்கு அப்படி ஒன்று வரவில்லை. வந்தாலும், திருத்த உத்தரவு என்பது தண்டனை அல்ல. உங்கள் பதிவோடு அரசாங்கத்தின் விளக்கத்தையும் போடச் சொல்வது. 2020 தேர்தல் நேரத்தில், வெளிநாட்டு ஊழியர்களுக்கான கொவிட் பரிசோதனை பற்றிய ஒரு கூற்றுக்காக சிஎன்ஏ செய்தி நிறுவனத்துக்கே அப்படி உத்தரவு போனது. உத்தரவை மதிக்காமல் இருந்தால்தான் 20,000 வெள்ளி அபராதம், 12 மாதச் சிறை என்றெல்லாம் போகும். மாற்றவோ ரத்து செய்யவோ அமைச்சரிடம் விண்ணப்பித்து, அவர் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அதுவரை உத்தரவை நிறைவேற்றிக்கொண்டேதான் போராட வேண்டும்.

அந்தப் படம்

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது, தோழி அனுப்பிய அந்த உள் கடிதத்தின் படம்தான். நிறுவனத்தின் கடிதத்தைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, இதை ஒரே பத்தியில் கடந்துவிட்டீர்கள்.

அதிகாரபூர்வ ரகசியக் காப்புச் சட்டம், கொடுத்தவரை மட்டும் அல்ல, தெரிந்தே வாங்கியவரையும் பிடிக்கும். ‘ரகசியம்’ என்று முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்பதில்லை. பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்ற தற்காப்பு அதில் கிடையாது. இது ஏதோ ஒற்றர்களுக்கான சட்டம் என்று நினைக்காதீர்கள். 1992இல் பொருளியல் வளர்ச்சியின் முன்மதிப்பீட்டை வெளியிட்டதற்காக ‘பிஸ்னஸ் டைம்ஸ்’ ஆசிரியர் உட்பட ஐந்து பேருக்கு 1994இல் அபராதம் விதிக்கப்பட்டது. ரகசியத்தைக் கவனமாகக் காக்கவில்லை என்று அபராதம் கட்டிய, அப்போது நாணய ஆணையத்தில் இருந்த தர்மன் சண்முகரத்னமும் அந்த ஐவரில் ஒருவர். அவர் பிற்பாடு அதிபரே ஆனார் என்பது வேறு கதை. அண்மைக் காலத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அதிகாரி ஒருவர் இன்னும் அறிவிக்காத ஒரு திட்டத்தைப் பற்றி நாளிதழ் நிருபரிடம் சொன்னதற்காக 2,000 வெள்ளி அபராதம் கட்டினார். நிருபருக்குக் கடும் எச்சரிக்கை மட்டும் கிடைத்தது.

அந்தக் கடைசி வழக்கைக் கவனியுங்கள். அடி பலமாக விழுந்தது தகவல் தந்தவர் மேல்தான். உங்கள் தோழியின் வேலை, ஓய்வுக்காலம், அவர் வீட்டுக் கடன் எல்லாம் இதில் இருக்கின்றன. படத்தில் பெயரை வெட்டிவிட்டேன் என்கிறீர்கள். அந்தக் கோப்பைத் திறந்தவர்கள் எத்தனை பேர் என்று அலுவலகக் கணினி சொல்லிவிடும். நிருபர் தன் மூலத்தை மறைக்கலாம் என்று உரிமை தரும் தனிச் சட்டமும் இங்கே இல்லை.

தோழி உடனே தனக்கென ஒரு வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். உங்கள் வழக்கறிஞரை அல்ல, வேறொருவரை. இரண்டு பேரின் நலனும் ஒரே திசையில் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ‘நீ இப்படிச் சொல், நான் அப்படிச் சொல்கிறேன்’ என்று ஒத்திகை பார்க்காதீர்கள். அது தனிக் குற்றமாகிவிடும். அவர் பேசினால், ‘வழக்கறிஞரைப் பார்’ என்பதோடு நிறுத்துங்கள்.

அழிக்கலாமா?

கூடாது. விசாரணை நடப்பது தெரிந்த பிறகு வாட்ஸ்அப் உரையாடலை அழிப்பது நீதியின் போக்கைத் தடுத்ததாகக் கருதப்படலாம். தண்டனைச் சட்டத்தின் 204ஏ பிரிவில் அதற்கு ஏழு ஆண்டு வரை சிறை. நீங்கள் இப்போது எதிர்கொள்ளும் எதையும்விட அது பெரிது. உங்கள் அப்பா பாசத்தில் சொல்கிறார், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

பொதுப் பார்வையிலிருந்து எடுப்பது வேறு. மூலப் பதிவையும், எப்போது எடுத்தீர்கள் என்ற குறிப்பையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, குரல் பதிவையும் உள் கடிதத்தின் படத்தையும் பக்கத்திலிருந்து இறக்கலாம். அதையும் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, இந்த வாரமே செய்யுங்கள். சென்னையில் இருக்கும் நண்பரின் தளத்தில் மறுபடி ஏற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். நீங்கள் இங்கே இருக்கிறீர்கள், பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்.

வாக்குமூலம்

சாட்சியாக அழைத்தாலும், உங்கள் வாயிலிருந்து வருவது பிறகு உங்களுக்கு எதிராகவே பயன்படலாம். சாட்சி, சந்தேக நபர் என்ற பெயர் பாதி வழியில் மாறுவது சாதாரணம். அழைப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால், வழக்கறிஞரைப் பார்க்க இரண்டு மூன்று நாள் தள்ளித் தர முடியுமா என்று மரியாதையாக, எழுத்தில் கேட்கலாம். பெரும்பாலும் தருவார்கள். வாக்குமூலம் எடுக்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அதனால்தான் முன்கூட்டியே பார்க்கச் சொல்கிறேன். அவரிடம் பேசுவது ரகசியமாகவே இருக்கும்.

உள்ளே போனால் பொய் சொல்லாதீர்கள். தெரிந்த உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை உண்டு. ஆனால் உங்களையே குற்றச்சாட்டுக்கு உள்ளாக்கக்கூடிய பதிலைச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கேள்வி அப்படிப்பட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள், முன்பே வழக்கறிஞரோடு பேசி வையுங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் படித்துக் காட்டி உங்கள் பதிலைக் கேட்டால் நிலைமை வேறு. அப்போது சொல்லாமல் விட்ட தற்காப்பை நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொன்னால், நீதிபதி ஐயத்தோடு பார்க்கலாம். வாக்குமூலத்தை உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் தடுமாற்றம் இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வெட்கம் வேண்டாம். தப்பு இருந்தால் திருத்தச் சொல்லி, பிறகு கையெழுத்திடுங்கள். களைப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

கைபேசி, மடிக்கணினி இரண்டையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம், கடவுச்சொல்லையும் கேட்கலாம். மறுப்பதே குற்றமாகலாம். அதனால் வீட்டுச் செலவு, பிள்ளையின் பள்ளித் தகவல் போன்றவற்றுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். கடப்பிதழையும் கேட்கக்கூடும்.

அந்த ஊழியர்

உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை. குறை சொல்லவில்லை, பயத்தில் இருக்கும்போது இப்படித்தான் ஆகும். ஆனால் இந்தக் கதையில் மிகவும் பலவீனமான இடத்தில் நிற்பவர் அவர். நீங்கள் குடிமகள், உங்களை யாரும் நாடு கடத்த முடியாது. 14ஆம் பிரிவின் பேச்சுரிமை குடிமக்களுக்குத்தான், அவருக்கு அது கூட இல்லை. அவருடைய வேலை அனுமதிச்சீட்டு முதலாளியின் கையில். பங்ளாதேஷைச் சேர்ந்த கவிஞர் ஸாகிர் ஹுசைன் கோகன் இங்கே 19 ஆண்டு வேலை பார்த்தவர். ஊழியர்களின் நிலை பற்றி ஃபேஸ்புக்கில் எழுதியது தவறானது, திசைதிருப்புவது என்று சொல்லி, 2022இல் அவருடைய அனுமதியைப் புதுப்பிக்க மனிதவள அமைச்சு மறுத்துவிட்டது.

உங்களிடம் பேசிய ஊழியர் தன் சம்பளத்துக்காக, சம்பளச் சர்ச்சைகளைக் கையாளும் சர்ச்சை நிர்வாக முத்தரப்புக் கூட்டணியிடம் முறையாகக் கோரிக்கை வைத்தாரா? வேலையில் இருக்கும்போது ஓராண்டுக்குள், வேலையை விட்டிருந்தால் ஆறு மாதத்துக்குள் வைக்க வேண்டும். இந்தக் கெடு போய்விட்டால் உங்கள் கட்டுரையால் அவருக்கு ஒரு காசு வராது. டிடபிள்யூசி2, ஹோம் போன்ற, வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் அமைப்புகள் இதில் அனுபவம் உள்ளவை. கோரிக்கை பதிவாகி இருந்தால், விசாரணை முடியும் வரை அவர் இங்கே தங்கவும் வழி கேட்கலாம். அது உங்களுக்கும் தேவை. அவதூறு வழக்கில் ‘உண்மைதான்’ என்று சொல்ல உங்களிடம் இருக்கும் முதல் சாட்சி அவர்தான். அடுத்த வாரமே விமானம் ஏற்றி அனுப்பிவிட்டால், சம்பளச் சீட்டின் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் தனியாக நிற்க வேண்டியிருக்கும்.

அவரிடம் புதிதாக எதிலும் கையெழுத்து வாங்காதீர்கள். விசாரணை பற்றியும் அவரோடு பேச வேண்டாம். இந்த அமைப்புகளின் தொடர்பை மட்டும் கொடுங்கள்.

செலவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சமூக மன்றங்களில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனை முதல் பேச்சுக்கு உதவும். உங்கள் மேல் குற்றச்சாட்டே பதிவானால், வருமானத்தைப் பொறுத்து அரசுப் பொதுத் தற்காப்பாளர் அலுவலகத்தையோ, இலவசச் சட்ட உதவி தரும் புரோ போனோ எஸ்ஜி அமைப்பையோ நாடலாம். அவதூறு வழக்குக்குப் பெரும்பாலும் கைக்காசுதான். பொதுமக்களிடம் நிதி திரட்டும் எண்ணம் இருந்தால் இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், வெளிநாட்டிலிருந்து யாராவது பணம் போட்டால் அது வேறு கேள்விகளைக் கிளப்பும்.

‘இனி நான் எழுதலாமா?’ என்று முடித்திருந்தீர்கள். தாராளமாக. இந்த நிறுவனம், இந்த விசாரணை, காவல்துறை கேட்ட கேள்விகள், இந்த மூன்றைத் தவிர. நீதிமன்றத்துக்கு வழக்கு போய்விட்டால் அதைப் பற்றி எழுதுவது அவமதிப்பாகவும் ஆகலாம். மற்றவற்றை எழுதுங்கள், ஆனால் வெளியிடுவதற்கு முன் குறைசொல்லப்படும் தரப்பிடம் எழுத்தில் கருத்துக் கேட்டு, பதிலுக்கு இரண்டு நாளாவது கொடுங்கள். நாளைக் காலை வழக்கறிஞரைப் பார்க்கும்போது நிறுவனத்தின் கடிதம், கட்டுரையின் அச்சுப்பிரதி, விசாரணை அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும், சம்பளச் சீட்டுப் படங்கள் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். நான் சொன்னது ஒரு கடிதத்தை மட்டும் படித்துச் சொன்னது. ஆவணங்களை நேரில் பார்ப்பவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.